ரெண்டாவதுக்கு முன்னால் ஒரு வாய்

மழை விடாமல் பெய்த ஒரு சம்பள நாள் சாயங்காலம், குன்னூர் பஜாரில் படிக்கட்டு பாருக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் ஒச்சப்பன் இருந்தார். கொலக்கம்பைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவருக்கு வேலை. ஏழு நாற்பது பஸ்ஸை விட்டால் எங்கள் எஸ்டேட் குடியிருப்பு லயத்துக்கு வேறு பஸ் கிடையாது. உள்ளே போய்க் கூப்பிட எனக்குத் தைரியமில்லை. பார் வாசலில் ஒரு பொம்பளை நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த பாரின் சப்ளையர் சுடலை படியேறி வந்தார்.

"உள்ள வாங்க அம்மிணி, நனையறீங்க."

"வேண்டாமுங்க."

அவர் வற்புறுத்தவில்லை. இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சந்திலிருந்து கை காட்டினார். அங்கே சமையல்கட்டின் பின்வாசல். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புச் சூடு வருகிற இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். ஸ்டூலுக்கு முன்னால் முறம் நிறையச் சின்ன வெங்காயம், ஒரு கத்தி.

"சும்மா உக்காந்தா பாக்கறவங்க ஒண்ணு பேசுவாங்க. உரிச்சிட்டு உக்காந்தீங்கன்னா வேலைக்கு வந்த பொம்பளன்னு நெனச்சிட்டுப் போயிருவாங்க."

நான் யார், யாருக்காக நிற்கிறேன் என்று கேட்கவில்லை. ஏழரைக்கு ஒச்சப்பனை அவரே தோளைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிவந்து விட்டார். முறத்தில் பாதி உரித்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அதே சமையல்கட்டில் வேலை கேட்டுப் போனேன். அது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது.

படிக்கட்டு பாருக்கு வேறு ஒரு பெயர் உண்டு. மேலே இருந்த லாட்ஜின் பெயர்தான் அது. போர்டு வெளுத்துப்போய் யாரும் படிப்பதில்லை. ரோட்டிலிருந்து ஒன்பது படி இறங்க வேண்டும், அதனால் படிக்கட்டு பார். உள்ளே இரண்டு பக்கம். ஒரு பக்கம் மேசை நாற்காலி, கொஞ்சம் வசதியானவர்களுக்கு. இன்னொரு பக்கம் சுவரோரமாக நெஞ்சு உயரத்தில் அடித்த ஒரு நீளப் பலகை. அதில் கிளாஸை வைத்து நின்றுகொண்டே குடிப்பார்கள். அதற்கு நிக்கிற பக்கம் என்று பெயர். கவர்மெண்ட் கடை விலைக்கு மேல் பத்து ரூபாய்தான் அங்கே அதிகம். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், ஜீப் டிரைவர்கள், எஸ்டேட்காரர்கள், சம்பள நாளில் அருவங்காடு ஃபேக்டரி ஆட்கள், எல்லோருக்கும் அந்தப் பலகையில் ஆளுக்கு ஒரு முழம் இடம் இருந்தது.

சுடலையின் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து கொத்து வேலைக்கு அருவங்காட்டுக்கு வந்தவர். சுடலை இங்கேயே பிறந்தவர். லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் அவர் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அந்த ரூமுல நான் திரும்பிப் படுக்கோணும்னாவே வெளிய வந்து திரும்பிட்டுப் போகோணும். இதுல இன்னொரு ஆளா?" என்பார். முப்பது வருஷம் பிராந்தி ஊற்றியவர் ஒரு சொட்டு குடித்ததில்லை. மோர் குடித்தாலே தனக்குத் தலை சுற்றும் என்று சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் ரவுண்டு யார் கேட்டாலும் ஊற்றுவார். இரண்டாவது கேட்டால் முதலில் தட்டு வரும். தட்டில் இருப்பதைத் தின்றால்தான் இரண்டாவது. "ரெண்டாவதுக்கு முன்னால ஒரு வாய்" என்பார். எஸ்டேட் கங்காணியாக இருந்தாலும் சரி, போலீஸ்காரராக இருந்தாலும் சரி, அதுதான் பேச்சு. முன்னொரு காலத்தில் எமரால்டு ஊர்க்காரர் மயில்சாமி என்பவருக்கு வெறும் வயிற்றில் மூன்று ரவுண்டு ஊற்றி அனுப்பிவிட்டாராம். அந்த மனிதர் தேயிலைக் காட்டு ஓடையில் விழுந்து விடிய விடியக் கிடந்தார். கொழுந்தெடுக்க வந்தவர்கள் தூக்கினார்கள். உயிர் பிழைத்தார், கால் நேராகவில்லை. பிறகும் அவர் பாருக்கு வருவார். அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஒன்பது படி இறங்கி வருவதை சுடலை பார்த்துக்கொண்டே நிற்பார். அதிலிருந்து வந்த வழக்கம்.

தட்டுக்குக் காசு கிடையாது. ஏனென்றால் அதில் இருந்த கிழங்குக்கும் காசு கிடையாது. மண்டியில் உருளைக்கிழங்கைத் தரம் பிரிக்கும்போது கோலிக்குண்டு அளவுக்குப் பொடிக்கிழங்கு கழியும். மூட்டை தூக்கும் பாண்டியராஜ் அதை ஒரு சாக்கில் கட்டி சாயங்காலம் வரும்போது கொண்டுவந்து போடுவார். நான் தோலோடு வேகவைத்து, அவரைக்கொட்டையும் பூண்டும் மிளகாயும் போட்டுப் பிரட்டுவேன். ஏழு நாற்பது பஸ் மேலே ரோட்டில் வந்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். வயிறு நிறைந்த ஆட்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படியேறுவார்கள். என் வீட்டுக்காரர் குடித்தார்தான். ஆனால் அந்தப் பதினாலு வருஷத்தில் அவர் தின்னாமல் வந்து படுத்த நாள் கிடையாது, விழுந்து எழுந்து வந்த நாளும் கிடையாது.

ஆனாலும் என் மனசு ஆறாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய், "தாயே, அந்தக் கடையை மூடு" என்றுதான் வேண்டுவேன். மறுநாள் அதே கடையில் கிழங்கு வேகவைப்பேன். சாமி என்னைப் பற்றி என்ன நினைக்குமோ என்று இருக்கும். ஒருநாள் சுடலையிடமே சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "கேளுங்க, கேளுங்க. அடுப்புல கெழங்கு இருக்கறப்ப மட்டும் கேக்காதீங்க. பாதி வேக்காட்டுல மூடிட்டா யாரு திங்கறது?"

நாலைந்து வருஷமாக எங்கள் பஜார் மாறிக்கொண்டு வந்தது. மேலே டயர் கடை இருந்த இடத்தில் காப்பிக்கடை வந்தது. அங்கே ஒரு காப்பியின் விலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் காய்கறி வாங்கலாம். கறிக்கடை இருந்த இடத்தில் மெழுகுவத்தியும் சோப்பும் விற்றார்கள். மலை மேலே புதுப் புது பங்களாக்கள். சனி, ஞாயிறு என்றால் பெங்களூர் வண்டிகள் வரிசையாக நிற்கும். சலூன்காரர் வாடகை தாங்காமல் அருவங்காட்டுக்கே போய்விட்டார். பிறகு லாட்ஜ் முதலாளி தவறிப்போனார். கோயமுத்தூரில் இருந்த மகன்கள் கட்டடத்தை ஒரு பெங்களூர் பார்ட்டிக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

அந்தப் பார்ட்டியின் சார்பில் அலீனா என்று ஒரு பெண் வந்தது. முப்பது வயசு இருக்கும். நல்ல பெண். அதை நான் சொல்லியாக வேண்டும். அது ஒருநாளும் எங்களிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. வந்த அன்றைக்கே எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துக் கும்பிட்டு, "யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன். சம்பளம் கூடத்தான் வரும். சுடலை அண்ணா, நீங்க கட்டாயம் இருக்கணும்" என்றது.

சுடலை எழுந்து நின்றார். "இருக்கேனுங்க. எனக்குச் சம்பளம் ஒசத்த வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. நிக்கிற பக்கம் அப்படியே இருக்கோணும். ஏழு நாப்பது பஸ் வரைக்கும் எங்காளுக வருவாங்க. பழைய வெலதான் வாங்கோணும்."

அலீனா அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தது. "சரி அண்ணா. வாக்கு. இதுவும் ஒரு அழகுதான்."

அந்த மனிதர் வாழ்நாளில் தனக்கென்று கேட்டு வாங்கியது அந்த ஒரு வாக்குதான். கடை மூன்று மாதம் மூடி வேலை நடந்தது. அந்த மூன்று மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. மண்டிக்குப் போனார், ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார், ஃபேக்டரி ஷிப்ட் விடும் நேரம் பார்த்து கேட்டில் போய் நின்றார். எங்கள் லயத்துக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். "உங்க எடம் இருக்குது. நான் வாக்கு வாங்கிருக்கறேன். யாரும் வேற பக்கம் போயிராதீங்க."

ஒச்சப்பன், "பெங்களூர்க்காரன் எங்கள உள்ள விடுவானாக்கும்" என்றார்.

"விடலைன்னா மொத ஆளா நானே அந்தப் படியில எறங்க மாட்டேன்" என்றார் சுடலை.

கடை திறந்தது. போர்டில் இங்கிலீஷில் பெயர். 'தி நைன் ஸ்டெப்ஸ்' என்று அலீனா படித்துக் காட்டியது. நாங்கள் வாயில் சொன்ன பெயரையே எடுத்து, மினுக்கி, விளக்குப் போட்டு மாட்டியிருந்தார்கள். பலகையும் அப்படியே இருந்தது, வார்னிஷ் அடித்திருந்தது. சுடலைக்கு நீல ஏப்ரன். முதல் வாரம் எங்கள் ஆட்கள் வந்தார்கள், செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். விலை பழைய விலைதான். தட்டு வந்தது. பஸ் ஹாரன் அடித்தது. சுடலையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் மேசைப் பக்கம் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிப்பார்க்க வந்த பிள்ளைகள். இரண்டாவது ரவுண்டு கேட்டார்கள். சுடலைக்கு ஆள் வித்தியாசம் தெரியாதே. ஆறு தட்டைக் கொண்டுபோய் வைத்து, "ரெண்டாவதுக்கு முன்னால ஒரு வாய் சாப்புடுங்க தம்பி" என்றார்.

அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாப்பிடலன்னா?"

"ஊத்த மாட்டேனுங்க."

ஒரு பையன் போனை எடுத்துப் பிடித்தான். மறுபடி சொல்லச் சொன்னான். சுடலை மறுபடி சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அந்த வீடியோவை எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்தார்களாம். சனிக்கிழமை வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தாத்தா எங்கே, அந்தத் தட்டு எங்கே என்று கேட்டார்கள். அலீனா சமையல்கட்டுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, இனிமே இதுதான் நம்ம சிக்னேச்சர்" என்றது. எனக்கு அர்த்தம் விளங்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை சுவரில் கரும்பலகை மாட்டி, வெள்ளைச் சாக்பீஸில் என்னவோ எழுதினார்கள். சுடலைக்கும் எனக்கும் இங்கிலீஷ் தெரியாது. பாண்டியராஜ்தான் எட்டாவது படித்தவர், எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அண்ணே, உங்களுக்கு வெல போட்டுட்டாங்க. சுடலை பிளேட், முந்நூத்தி நாப்பது."

"என்றா சொல்ற?"

"நான் சும்மா கொண்டாந்து போட்ட கெழங்குண்ணே. மண்டியில மாடு திங்கற கெழங்கு. அதுல உங்க பேரச் சேத்ததும் முந்நூத்தி நாப்பது. உங்க பேருக்கு இத்தன மவுசு இருக்கும்னு தெரிஞ்சிருந்தா நான் அப்பவே என் பேர சுடலைன்னு வெச்சிருப்பேன்."

நிக்கிற பக்கம் முழுக்கச் சிரித்தது. சுடலை சிரிக்கவில்லை.

அன்றைக்கே சமையல்கட்டில் புது செஃப் என்னிடம் சொல்லிவிட்டார், நிக்கிற பக்கத்துக்கு இனிமேல் தட்டு போகக்கூடாது, பில் போட்டால்தான் போகும் என்று. பாண்டியராஜ் சாக்கையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பொடிக்கிழங்கு கழுவி, பெட்டியில் அடுக்கி, வண்டியில் வர ஆரம்பித்தது.

சுடலை அலீனாவிடம் போய்க் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, ஒரே தட்ட ஒரு பக்கம் சும்மா குடுத்துட்டு, இன்னொரு பக்கம் முந்நூத்தி நாப்பது வாங்கினா, வர்றவங்க கேப்பாங்கல்ல? நீங்களே சொல்லுங்க."

"கேப்பாங்கதான்."

"நிக்கிற பக்கத்த நான் எடுக்கலையே. பழைய வெலதான். நான் குடுத்த வாக்கு அப்படியே இருக்கு."

அதுவும் உண்மை. சுடலை தான் கேட்ட வாக்கில் தட்டைச் சேர்க்க மறந்துவிட்டார். தட்டு என்பது தனியாகக் கேட்டு வாங்குகிற ஒன்று என்று அவருக்கு எப்படித் தோன்றும்? குடிக்கத் தண்ணீர் தருவீர்களா என்று கேட்டுக்கொண்டா ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகிறோம்?

அன்று சாயங்காலம் எட்டுப் பேர் நின்றார்கள். ஒச்சப்பனும் இருந்தார். முதல் ரவுண்டு முடிந்தது. இரண்டாவது கேட்டார்கள்.

"தட்டு இல்லீங்க. ரெண்டாவது இல்ல" என்றார் சுடலை.

சமையல்கட்டு ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"தட்டு வேண்டாம், நீங்க ஊத்துங்க" என்றார் ஒச்சப்பன்.

"ஊத்த மாட்டேன் தம்பி."

"காசு குடுக்கறோமில்ல?"

"காசுக்கில்ல. வெறும் வயித்துல என் கையால ஊத்த மாட்டேன்."

"அங்க அந்தப் பக்கம் தட்டு வாங்கறவனுக்கு ஊத்துவீங்க. முந்நூத்தி நாப்பது குடுத்தாத்தான் எங்க வயிறு வயிறா?"

சுடலை கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே துடைத்த கிளாஸ்.

மறுநாளிலிருந்து நான் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் சோறும் புளிக்குழம்பும் கட்டிக்கொண்டு போனேன். பின்வாசல் வழியாக ஆளுக்கு ஒரு உருண்டை கையில் கொடுத்தேன். சுடலை இரண்டாவது ஊற்றினார். அது நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் செஃப் கேமராவில் பார்த்துவிட்டு, வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது, யாருக்காவது ஒன்று ஆனால் லைசென்ஸ் போய்விடும் என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். எட்டு ஐந்தானது, ஐந்து இரண்டானது. ஒரு ரவுண்டுக்காக ஒன்பது படி இறங்கி ஏற யாருக்குக் காலிருக்கிறது? கவர்மெண்ட் கடையில் பாட்டில் வாங்கி, ரயில் பாதைக்குக் கீழே புதருக்குள் நின்று, தண்ணீர்கூட இல்லாமல் குடிக்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கும் என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு தடுமாறி வருவார்கள். பஜாரில் வேறு பேச்சு கிளம்பியது. சுடலை பெங்களூர்க்காரியோடு சேர்ந்துகொண்டு, நாசூக்காக எல்லோரையும் விரட்டிவிட்டான், ஒரு ஏப்ரனுக்கு விலைபோய்விட்டான் என்று. பாண்டியராஜ்கூட ரோட்டில் அவரைப் பார்த்தால் மறுபக்கம் தாண்டிப் போனார்.

ஒரு மாதம் யாரும் வரவில்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு சுடலை பலகையைத் துடைப்பார். கிளாஸ்களைக் கவிழ்த்து வைப்பார். ஏழு நாற்பது பஸ் ஹாரன் அடிக்கும், படியேறிப் போக யாரும் இருக்க மாட்டார்கள். டிரைவர் பழக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தார். அதையும் மேசைப் பக்கம் யாரோ சத்தம் என்று சொல்ல, அலீனா டிப்போவில் பேசி நிறுத்திவிட்டது.

"அண்ணா, நான் வாக்கு மாறல. அவங்கதான் வரல" என்று ஒருநாள் அலீனா மெதுவாகச் சொன்னது. அடுத்த வாரம் அந்தப் பலகையில் ஒயின் பாட்டில்களை அடுக்கினார்கள்.

அன்றைக்கு சுடலை ஏப்ரனை மடித்துச் சமையல்கட்டு மேடையில் வைத்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையையும் காலி செய்தார். தேவர்சோலையில் தங்கச்சி வீடு இருக்கிறது, அங்கே போகிறேன் என்றார். அலீனாவின் கண்ணில் நீர் நின்றது. கரும்பலகையில் அவர் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. நான்தான் அந்தத் தட்டைச் செய்கிறேன். என் சம்பளம் முன்னைவிட ஒன்றரை மடங்கு.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒச்சப்பன் பஸ்ஸை விட்டுவிட்டு நடுராத்திரிக்கு நடந்தே வீட்டுக்கு வந்தார். முழங்காலில் சேறு. சட்டைப் பையில் காலி பாட்டில். சோற்றுத் தட்டை வைத்தேன், தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். மூடி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதினாலு வருஷமாக மாரியம்மனிடம் நான் கேட்டது இதைத்தானா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என் ஆளுக்கு அந்தக் கடை மூடித்தான் போயிற்று. சாமி என் வேண்டுதலைத் தப்பாகக் கேட்டதா, நான்தான் தப்பாகக் கேட்டேனா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை சன்னதியில் நின்றால் என்ன கேட்பது என்று தெரியாமல் திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சுடலை ஒரு பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஏப்ரன் இல்லாமல் ஆள் சின்னதாகத் தெரிந்தார். வழிக்குக் கட்டிவந்த கிழங்குப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை. அத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, நீங்க ஊத்தியிருந்தீங்கன்னா அவங்க அங்கியே நின்னிருப்பாங்க."

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. எதிரே யாரோ மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி பின்னால் நகர்ந்து திரும்பியது. நானும் கூடவே நாலு எட்டு நடந்தேன்.

"நின்னிருப்பாங்க" என்றார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அம்மிணி, நேத்து ஒச்சப்பன் சாப்ட்டானுங்களா?"